தள்ளிப்போன மஞ்சள் நீர்

என் வீட்டுக்காரர் வீரமணிக்குப் பணத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அதைச் சம்பாதிப்பது. மற்றபடி கரிக்கலாம்பாக்கத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரைக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அவர் பங்குக்கு வந்த நிலத்தை மனை போட்டு விற்றார். அந்தப் பணத்தில் பாதி பழைய கடனுக்குப் போனது. மீதியை முன்பணமாகக் கட்டி, கடன் போட்டு ஒரு கார் வாங்கினார். மனை புரோக்கர் பைக்கில் போனால் பார்ட்டி மதிக்க மாட்டார்களாம். கார் வந்தது, பார்ட்டிதான் வரவில்லை. திருபுவனையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் நான் பார்க்கும் பேக்கிங் வேலையில்தான் வீடு ஓடுகிறது. சம்பளம் என் கணக்கில் விழும். ஏடிஎம் கார்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். குடும்ப நிதி ஒரே கையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம்.

பாடம் என்று சும்மா சொல்லவில்லை. எங்களுக்கு ஒரே பெண், அர்ச்சனா. அவளுக்குப் பத்து வயதானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு நடக்கும். கோட்டுப் போட்ட எவனோ போனில் பேசுவதைச் சனிக்கிழமை கேட்டுவிட்டு, மறுநாள் தானே கண்டுபிடித்தது போல அவளுக்குச் சொல்லுவார். ஷெல்ஃபில் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களை வைத்து தேவை, ஆசை, சேமிப்பு என்று பேப்பர் ஒட்டினார். நான் கொடுக்கும் கைச்செலவுக் காசை அவள் மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். சேமிப்பு டப்பாவில் நூறு ரூபாய் சேர்ந்தால் அன்றைக்கே காருக்குப் பெட்ரோல் போட்டுவிடுவார்.

"சேமிப்புன்னா சொம்மா பூட்டி வெக்கறது இல்ல கண்ணு. முதலீடு பண்ணணும்" என்பார். முதலீடு வில்லியனூர் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு வரும்.

ஒரு தடவை மாதச் செலவைச் சரிபார்க்கும்போது நாப்கின் பாக்கெட்டை எடுத்து வைத்து, இது தேவையா ஆசையா என்று பெண்ணிடமே கேட்டார். அவளுக்கு அப்போது பதினாலு வயது. தலையைக் குனிந்துகொண்டாள். நான் அடுப்படியிலிருந்து வந்து, "ஒரு மாசம் நீங்க வெச்சிப் பாத்துட்டு சொல்லுங்க, எந்த டப்பான்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றேன். அன்றைய வகுப்பு சீக்கிரம் முடிந்தது.

இந்த வருடம் அர்ச்சனா பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். ஒரு நர்சிங் கல்லூரியில் இடமும் கிடைத்தது. முதல் வருடத்துக்கு எழுபதாயிரம். ஆனி மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் கட்டவில்லை என்றால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்று ஆபீசில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்குப் பயமில்லை. கம்பெனிப் பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டை இதற்காகவே கடைசிவரைக்கும் எடுக்காமல் வைத்திருந்தேன். எழுபத்தைந்தாயிரம் வந்து என் கணக்கில் உட்கார்ந்தது. ஒரு வாரம்கூட உட்காரவில்லை.

நான் வேலையிலிருந்து வந்து பஸ் களைப்பு தீருவதற்குள் அவர் சொன்னார்.

"செல்வி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டன். சமையலுக்கும் குடுத்தாச்சி. அர்ச்சனாவுக்கு மஞ்ச நீராட்டு வெக்கறோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பெண் வயசுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அப்போது கொரோனா காலம். ரோட்டில் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. பாகூரிலிருந்து என் தம்பி அரிகரன் மட்டும் தாய்மாமன் முறைக்குப் பச்சை ஓலையை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். குடிசை கட்டிவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, மாஸ்க்கைக்கூட முழுசாகக் கழற்றாமல் திரும்பிப் போனான். பத்திரிகை அடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அதனால் மொய்யும் வரவில்லை. அதை மகள் தனக்கு உண்டாக்கிய நஷ்டமாகவே இத்தனை நாள் இந்த மனுஷன் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

மொய்யை அன்பளிப்பு என்று பத்திரிகையில்தான் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது வட்டியில்லாத கடன். நான் இன்றைக்கு உன் வீட்டுக்கு ஐநூறு வைத்தால், என் வீட்டு விசேஷத்துக்கு நீ அதற்குக் குறையாமல் கொண்டு வர வேண்டும். வராவிட்டால் கடைத்தெருவில் வைத்துக் கேட்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாங்களும் ஊரெல்லாம் வைத்துக்கொண்டே இருக்கிறோம். அதைத் திருப்பி எடுக்க எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. இது எனக்கும் உறுத்தாமல் இல்லை. அதற்காக?

"பதினேழு வயசு பொண்ண மேடையில உக்கார வெச்சி மஞ்ச தண்ணி ஊத்துவாங்களா? ஊரே சிரிக்கும்" என்றேன்.

"சிரிச்சிட்டு மொய் வெச்சிட்டுப் போவட்டும்."

அர்ச்சனா வாசற்படியில் நின்றிருந்தாள். தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அட்வான்ஸ் எந்தப் பணத்துலப்பா குடுத்த?"

"உன் பணந்தான் கண்ணு. எங்கயும் போவல. ஞாயித்துக்கெழம மூணு லட்சமா திரும்பி வரும். திங்கக்கெழம காலையில நானே கார்ல இட்டும்போயி ஃபீஸ் கட்டறன். பணத்த இப்பிடித்தான் ரொட்டேஷன்ல உடணும். எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுப்பான் இத?"

"வரலன்னா?"

"அப்பிடி நெகட்டிவா பேசாத. பேசனா பணம் நின்னுடும்."

நான் அன்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்துவிட்டார்கள். மண்டபத்துக்காரன் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்றான். சமையல்காரன் போனையே எடுக்கவில்லை. கடைசியில் பெண்தான் என் கையைப் பிடித்தாள். "விசேஷத்த வெச்சாதான்மா அந்தப் பணமே வரும். வுடு, ஒரு நாளு உக்காந்துட்டு வர்றன்." அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. இந்தப் பக்கத்திலேயே ஸ்கேன் பண்ணி மொய் வைக்கிற முதல் விசேஷம் இதுதான் என்று சொல்லிக்கொண்டு அலைந்தார். பந்திக்கு நிற்கிற வரிசையிலிருந்தே ஸ்கேன் பண்ணும்படி ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்தார். நடுவில் கட்டம் கட்டமாக அந்த ஸ்கேன் பண்ணுகிற கியூஆர் கோடு, ஒரு பக்கம் கட்சித் தலைவர்கள், மறு பக்கம் கூலிங் கிளாஸில் இவர். விசேஷம் யாருக்கோ, அந்தப் பெண்ணின் படம் கீழே மூலையில் ஸ்டாம்ப் அளவில் இருந்தது. ஸ்கேன் பண்ணி மொய் வைப்பவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் போடுவது என்று வேறு ஏற்பாடு. எங்கள் ஜனத்துக்கு டம்ளர் என்றால் போதும். பேரப் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து ஸ்கேன் பண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கடலூர் பக்கத்து உறவுக்காரர்கள் எப்போதும் போல முதல் பஸ்சிலேயே வந்து இறங்கினார்கள். ஆம்பிளைகள் நேராக ஒயின் ஷாப்புக்குப் போய், அங்கிருந்து மண்டபத்துக்கு வழி கேட்டு வந்தார்கள். அரிகரன் தட்டு வரிசையோடு வந்தான். முறைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும் பட்டுப் புடவை கட்டி, முகத்தில் மேக்கப்காரி அப்பிய மாவோடு அர்ச்சனாவை மேடை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாலையின் கனத்தில் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. மேலே ஏறி வருகிற ஒவ்வொருத்தியும் அவள் கன்னத்தைத் தடவி, "இன்னாடி, இப்பதான் வயசுக்கு வந்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

மேடையை ஒட்டி மொய் மேசை. எழுதுகிறவர் சிவப்பிரகாசம், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் விசேஷம் எதுவானாலும் மொய் நோட்டும் மைக்கும் அவர் கையில்தான். ஊர் பெயர், ஆள் பெயர், தொகை, இந்த மூன்றையும் ஒரே குரலில் படிப்பார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் தன் போனையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பணம் வந்ததா என்று மெசேஜைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார். "திருபுவனை மாணிக்கம் ஐநூத்தி ஒண்ணு. பாகூர் ராமலிங்கம் ஆயிரத்தி ஒண்ணு." ரொக்கமாக வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லாருக்கும் டம்ளர் வேண்டியிருந்தது. போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் இவர் பந்தி வாசலில் நின்று என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

மதியம் கூட்டம் நெரிகிற நேரத்தில் சிவப்பிரகாசம் படிப்பதை நிறுத்திவிட்டு போனைத் தூரமாகவும் கிட்டமாகவும் வைத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ வந்திருந்தது. கை எட்டும் தூரத்தில்தான் அர்ச்சனா உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா அர்ச்சனா, இது யார் வெச்ச மொய்யின்னு பாத்து சொல்லு. பேரே புரியல."

அவள் வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு எழுந்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள். பந்தி வாசலிலிருந்து இவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

சிவப்பிரகாசம் படிக்கிற அதே குரலில் அவள் படித்தாள்.

"பேங்க். கார் கடன் பாக்கி. நாலு மாசத் தவணை, அபராதத்தோட அறுபத்தி மூவாயிரத்தி இருநூறு ரூபா பிடித்தம். கணக்குல மீதி பதினோரு ரூபா."

ஒலிபெருக்கி மண்டபத்துக்கு வெளியிலும் கட்டியிருந்தார்கள். பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சிவப்பிரகாசம் பழக்கத்தில் நோட்டில் 'பேங்க்' என்று எழுதித் தொகையும் போட்டுவிட்டு, அப்புறம் அவசரமாக அடித்தார்.

இவர் சாம்பார் வாளிகளைத் தாண்டி ஓடி வந்தார். காருக்குக் கடன் கொடுத்த வங்கியும் மொய் விழுகிற இந்தக் கணக்கு இருக்கிற வங்கியும் ஒன்று. பாக்கி இருக்கிறபோது பணம் வந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று கடன் வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாலு மாதமாகத் தவணை கட்டாததை எங்களிடம் மூச்சு விடவில்லை.

"அதெப்படி புடிப்பான்? இன்னிக்கி ஞாயித்துக்கெழம. பேங்க் லீவுதான?" என்றார் மேடை ஏறிக்கொண்டே.

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. முகூர்த்தம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வைக்கவில்லை. வங்கி தூங்குகிற நாளில் பணத்தை வரவழைத்து, திங்கட்கிழமை அது கண் விழிப்பதற்குள் ஏடிஎம்மில் எடுத்துவிடலாம் என்று என் வீட்டு நிதி மந்திரி திட்டம் போட்டிருக்கிறார். பெண்ணுக்கு வருடக் கணக்கில் வகுப்பு எடுத்த வாய் அது.

"மைக்க குடு கண்ணு. டெக்னிக்கல் ப்ராப்ளம்" என்று கூட்டத்தைப் பார்த்து இளித்தார்.

அர்ச்சனா கொடுக்கவில்லை. "இனிமே யாரும் ஸ்கேன் பண்ணாதீங்க" என்றாள் மைக்கில். "நாளைக்கி எனக்கு காலேஜ்ல ஃபீஸ் கட்டணும். எங்கம்மா சேத்து வெச்ச அந்தப் பணத்துலதான் இந்த விருந்து நடக்குது. இன்னும் மொய் வெக்காதவங்க கையில குடுங்க. என் பேர்ல எழுதிக்குங்க தாத்தா. அப்பா பேர்ல வேணாம்."

சிவப்பிரகாசம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மொய் வீட்டுத் தலைவர் பெயரில்தான் எழுதுவார்கள். கல்யாணமாகாத பெண் பெயரில் எழுதியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. என் நாத்தனார் மஞ்சுளாதான் முதலில் வாயைத் திறந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு ஸ்கேன் வரிசையில் நின்றிருந்தவர்.

"பொம்பள புள்ள பேர்ல எங்கடி எழுதறாங்க? நாளைக்கி நீ கட்டிக்கினு எங்கியாவது பூட்டா, நாங்க யார் வூட்டு வாசல்ல போயி நிக்கறது?"

"எங்க போனாலும் வருவன் அத்த. நீ வெச்சத நான் திருப்பி வெப்பன். அப்பா பேர்ல எழுதனா யாருக்குப் போவும்னு இப்பதான் படிச்சனே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மஞ்சுளா தன் தம்பியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். தாம்பூலப் பையும் டம்ளரும் கொடுக்கிற பக்கம் ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, பர்சிலிருந்து இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார்.

"எழுதுங்க பெரியப்பா. வில்லியனூர் மஞ்சுளா ஆயிரம். அர்ச்சனா பேர்ல."

கூடப் பிறந்த அக்காவே தம்பியை நம்பவில்லை என்று ஆனதும் மற்றவர்களுக்குத் தயக்கம் விட்டுப் போனது. சிவப்பிரகாசம் புதுப் பக்கம் திருப்பி, மேலே அவள் பெயரை எழுதிக் கோடு போட்டார். படிப்புக்குக் கொடுக்கிறோம் என்று எல்லாரும் வாயாரச் சொன்னார்கள். சொன்னவர்கள் ஒருத்தர் விடாமல் கழுத்தை நீட்டி, தங்கள் பெயரையும் தொகையையும் சரியாக எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். என்னோடு கம்பெனியில் வேலை செய்யும் அன்னாமேரி மட்டும் இரண்டாயிரத்தை அவள் உள்ளங்கையில் அழுத்திவிட்டு, எனக்கு எழுத வேணாம் என்றாள். "எழுதாம எப்பிடிம்மா வாங்கறது?" என்று சிவப்பிரகாசம் கோபித்துக்கொண்டு, அவள் போன பிறகு எழுதிவிட்டார்.

"செல்வி, நீயாவது சொல்லு அவகிட்ட. என் மானம் போவுது" என்றார் இவர் என் காதருகில்.

ரொக்கம் போடுகிற மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டில் அந்தப் பக்கம் நிறைய நிறைய என் பெண் ஊருக்கே கடன்காரி ஆகிக்கொண்டிருந்தாள். அப்பன் செய்த கூத்துக்குப் பதினேழு வயதுப் பெண் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

எழுபதாயிரம் தேறியது, மேலே கொஞ்சமும் கிடைத்தது. திங்கட்கிழமை நானும் அவளும் பஸ்சில் போய்க் கட்டிவிட்டு வந்தோம். மண்டபத்துக்காரனும் சமையல்காரனும் மீதிப் பணத்துக்கு இவரைத் தேடி எங்கள் வீட்டு வாசலிலேயே குந்திக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் காரை விற்றார். தவணை பாக்கியெல்லாம் ஊரார் மொய்யில் அடைந்திருந்ததால், மீதிக் கடனை விற்ற பணத்திலேயே கழித்துக்கொண்டு வில்லங்கமில்லாமல் கைமாறியது. அந்த மொய் அவர் பெயரில் இருக்கிறது, அதை அவர்தான் திருப்பிச் செய்ய வேண்டும். எப்படிச் செய்வாரோ எனக்குத் தெரியாது. ஏடிஎம் கார்டு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அவரோ டீக்கடையில் உட்கார்ந்து, "புள்ளைக்கு பிராக்டிகலா ஒரு கிளாஸ் எடுத்தன், எப்பிடி புடிச்சிக்கினா பாத்தியா" என்று பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஆடி முடிவதற்குள் ஆவணிக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை வர ஆரம்பித்தது. முதல் பத்திரிகை பாகூரிலிருந்து. அன்றைக்குப் புதுப் பக்கத்தில் ஐநூறு வைத்தவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். கவரின் மேல் மஞ்சள் தடவி, 'வீ. அர்ச்சனா, கரிக்கலாம்பாக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது. இவர் கவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என் பேர உட்டுட்டானுங்க" என்றார். பிரித்து உள்ளே பார்த்தார். "பரவால்ல, மூணு பேரும் போவலாம். ஐநூறு மொய்க்கு மூணு எலைன்னா நமக்கு லாபந்தான்."

அர்ச்சனா அவர் கையிலிருந்து பத்திரிகையை வாங்கித் தேதியைப் பார்த்தாள். தினமும் கல்லூரி விட்டு வந்து பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அந்தக் காசிலிருந்து ஐநூறை எடுத்து, பத்திரிகைக்குள்ளேயே வைத்தாள். நான் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள்.

"நைட்டு ரிசப்ஷனுக்கு நான் மட்டும் போயி வெச்சிட்டு வந்துடறன்மா" என்று என்னிடம் சொன்னாள். "சாப்ட மாட்டன். அன்னிக்கி எனக்கு சோறு ஆக்கி வெச்சிடு."